பிள்ளை இரண்டாம் உலகப் போர் வீட்டுப்பாடத்துடன் வரும்போது: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ படிக்கும் பிள்ளை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை புத்தகப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டும். ஆண்டர்சன் ஷெல்ட்டர் என்ற போர்க்காலப் பதுங்குமிடம் ஒன்றின் மாதிரியைச் செய்து வா, 1939இல் லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையாக உன்னை நினைத்து வீட்டுக்குக் கடிதம் எழுது, பங்கீட்டுக் காலத்து உணவொன்றைச் சமைத்துப் பார் என்று ஆறேழு வேலைகள் அதில் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். பாடநூல் எங்கே என்று கேட்டால் பிள்ளை விழிக்கும், ஏனென்றால் பாடநூல் என்று ஒன்று கிடையாது. நூலும் பயிற்சிக் கொப்பியும் தவணைப் பரீட்சையுமாகச் சரித்திரம் படித்த நமக்கு இந்தத் தாளை எந்த நுனியில் பிடிப்பது என்றே முதலில் விளங்காது. இரண்டு பிள்ளைகளுடன் இதைக் கடந்து வந்தவள் என்ற முறையில், எதில் நேரம் செலவிடலாம், எதை விட்டுவிடலாம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தாளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏழு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள் 1066க்குப் பிந்திய பிரித்தானிய வரலாற்றில் ஏதாவது ஒரு பொருளை விரிவாகப் படிக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் சொல்கிறது. எந்தப் பொருள் என்பதைப் பாடசாலையே தீர்மானிக்கிறது. பாடத்திட்டம் தரும் உதாரணங்களில் இந்தப் போரின் வான்போரான பிரித்தானியச் சமர் ஒன்று என்பதாலும், கேட்டவுடன் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறப்பதாலும், பல பாடசாலைகள் இரண்டாம் உலகப் போரைத் தெரிந்தெடுக்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை விக்டோரியா காலத்தைப் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று பொருளல்ல. ஆறாம் ஆண்டு மே மாதத்தில் நடக்கும் தேசியத் தேர்வுகளில் வாசிப்பு, இலக்கணமும் எழுத்துக்கூட்டலும், கணிதம் ஆகியவை மட்டுமே உண்டு, வரலாறு இல்லை. வீட்டுப்பாடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. அது ஒவ்வொரு பாடசாலையின் கொள்கை.

எனவே வகுப்பு ஆசிரியரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டங்களில் எத்தனையைச் செய்ய வேண்டும், எந்த வடிவில் எந்த நாளில் ஒப்படைக்க வேண்டும், பிள்ளை அதை வகுப்பின் முன் விளக்கிப் பேச வேண்டுமா. பெரும்பாலும் எல்லாக் கட்டங்களையும் செய்ய வேண்டியதில்லை, இரண்டு மூன்று போதும் என்ற பதில் வரும். இதைக் கேட்காமல் எல்லாக் கட்டங்களையும் விடுமுறை முழுவதும் செய்து முடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பாடசாலைகள் பலவும் பாடத்தின் தொடக்கத்தில் முக்கிய சொற்களும் திகதிகளும் கொண்ட ஒரு பக்கத் தாளையும் தரும். ‘நாலெட்ஜ் ஆர்கனைஸர்’ என்ற அந்தத் தாள் வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள், பாடநூலுக்கு மிக அருகில் வரும் பொருள் அதுதான்.

அடுத்து, பத்துத் திகதிகள்

பிள்ளைக்கு உதவுவதற்குப் போர் முழுவதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஆரம்பப் பாடசாலை பார்ப்பது போர்க்களத்தை அல்ல, வீட்டில் இருந்தவர்களின் வாழ்க்கையை. 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அதே நாளில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கியது, இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கும் இருட்டடிப்பும் அன்றே நடைமுறைக்கு வந்தது. 3ஆம் திகதி பிரித்தானியா போர் அறிவித்தது. 1940 ஜனவரி 8இல் உணவுப் பங்கீடு தொடங்கியது. அவ்வாண்டு கோடையில் பிரித்தானியச் சமர் என்ற வான்போர் நடந்தது, செப்டெம்பர் 7ஆம் திகதி முதல் லண்டன் மீது ‘பிளிட்ஸ்’ என்று அழைக்கப்படும் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது. நவம்பர் 14ஆம் திகதி இரவு கொவென்ட்ரி நகரம் எரிந்தது. 1941 மே மாதத்துடன் பிளிட்ஸ் தணிந்தது. 1945 மே 8 ஐரோப்பாவில் வெற்றி நாள், ஓகஸ்ட் 15 ஜப்பான் மீதான வெற்றி நாள். பங்கீடு முற்றாக ஒழிந்தது 1954 ஜூலை 4ஆம் திகதிதான், அதாவது போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இந்தப் பத்தையும் ஒரு நீளமான தாளில் பிள்ளையே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். பிறகு வரும் எல்லா வேலைகளுக்கும் அந்தத் தாள்தான் துணை.

மாதிரி செய்யும் வேலை

பெற்றோர் அதிகம் அல்லற்படுவதும், தேவையில்லாமல் தலையிடுவதும் இங்கேதான். என் மூத்த மகளின் ஷெல்ட்டரை இரவு ஒரு மணி வரை விழித்திருந்து நானே செய்தேன். கதவுக்குப் பிணைச்சல்கூட வைத்தேன். மறுநாள் வகுப்பில் ஆசிரியை அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: கூரையின் மேல் ஏன் மண் போட்டார்கள்? அவளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் பார்ப்பது ஒட்டுவேலையின் நேர்த்தியை அல்ல, ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்பதைத்தான். இரண்டாவது பிள்ளையான மகனுக்கு நான் கத்தரிக்கோலைத் தொடவேயில்லை.

ஆண்டர்சன் ஷெல்ட்டர் என்பது வீட்டுத் தோட்டத்தில் புதைத்து அமைக்கும் நெளிதகரப் பதுங்குமிடம். ஏறக்குறைய 1.8 மீற்றர் உயரம், 1.4 மீற்றர் அகலம், 2 மீற்றர் நீளம். ஆறு பேர் நெருக்கியடித்து உட்காரலாம். நிலத்தை 1.2 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டி இறக்கி, மேலே 38 சென்ரிமீற்றர் அளவுக்கு மண் மூடினார்கள். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண். 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவை அமைக்கப்பட்டன. அந்த மண்ணும் ஆழமும் அருகில் விழும் குண்டின் அதிர்வையும் சிதறல்களையும் தாங்குவதற்காக. நேரடியாக விழும் குண்டை அவை தாங்கமாட்டா என்பதையும் பிள்ளை அறிந்திருந்தால் நல்லது. மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும், குளிர் தாங்காது. பலர் மேல்மண்ணில் மரக்கறி பயிரிட்டார்கள்.

இந்த அளவுகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 18, 14, 20 சென்ரிமீற்றர் வரும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஆழமுள்ள சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்தால் அதன் விளிம்பே நிலமட்டமாகிவிடும். ஷெல்ட்டர் அதற்கு மேல் ஆறு சென்ரிமீற்றர் மட்டும் தலைகாட்டும், அதன்மேல் நான்கு சென்ரிமீற்றர் மண். பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டால் நிலத்துக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். நெளிதகரத்துக்குப் பொதிப்பெட்டி மட்டையின் மேல்தாளை இலேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிவு தயாராக இருக்கும், சாம்பல் நிறம் பூசினால் போதும். இந்தக் கணக்கைப் பிள்ளை தானே போட்டு ஒரு சிறு தாளில் எழுதி மாதிரியின் ஓரத்தில் ஒட்டினால், கடையில் வாங்கிய எந்தப் பொருளையும்விட அது ஆசிரியரின் கண்ணில் படும்.

பிளிட்ஸ் இரவுக் காட்சி வரையும் வேலையும் அடிக்கடி வரும். செம்மஞ்சள் வானம், கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டிய நகரம், தேடுவிளக்கின் ஒளிக்கீற்றுகள், வானில் மிதக்கும் பெரிய தடுப்புப் பலூன்கள் ஆகியன போதும். லண்டன் ஐ சக்கரத்தை மட்டும் வெட்டி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் குவிமாடம், பாராளுமன்ற மணிக்கூண்டு, டவர் பாலம் மூன்றும் அன்று இருந்தவை.

கடிதம் எழுதும் வேலை

அப்படி அனுப்பப்பட்ட பிள்ளையைக் குறிக்கும் ‘எவாக்குவி’ என்ற சொல்லை நம்மவர் பலர் ‘இடம்பெயர்ந்தவர்’ என்று பிள்ளைக்கு விளக்குகிறார்கள். பாதி சரி. நாம் அறிந்த இடம்பெயர்வில் குடும்பமே மூட்டை முடிச்சுடன் நடந்தது, இலங்கைப் போரில் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட எவருக்கும் அது தெரியும். 1939இல் பாடசாலைப் பிள்ளைகள் பெற்றோரில்லாமல், ஆசிரியர்களுடன், அரசு முன்கூட்டியே வகுத்த திட்டப்படி ரயிலேறினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் தாய்மாரும் போனார்கள். மூன்று நாட்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். போய் இறங்கிய ஊரில் முன்பின் தெரியாத வீட்டுக்காரர் அவர்களைப் பொறுப்பேற்றார். ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றவருக்கு அரசு வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளாயின் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழாததால், 1940 ஜனவரிக்குள் பெரும் பகுதியினர் வீடு திரும்பிவிட்டார்கள். கடிதம் எழுதுவதற்கு முன் பிள்ளையுடன் இந்த வித்தியாசத்தைப் பேசுங்கள். ‘அம்மா இல்லாமல்’ என்ற ஒரு விவரம் உள்ளே இறங்கிவிட்டால் கடிதம் தானாக வரும்.

எழுதும்போது இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது, பிள்ளை எழுதிய ஒவ்வொரு பொருளும் அன்று இருந்ததா? போர் தொடங்கிய வேளையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, குமிழ்முனைப் பேனா இங்கே கடைக்கு வந்தது 1945இல்தான். வானொலி, தபாலட்டை, பென்சில் ஆகியவை பாதுகாப்பான தெரிவுகள். புதிய முகவரியை வீட்டுக்குத் தெரிவிப்பதற்கென்றே பிள்ளைகளுக்கு முத்திரை ஒட்டிய தபாலட்டை கொடுக்கப்பட்டது. இரண்டாவது, கடிதம் எழுதும் பிள்ளைக்கு எதிர்காலம் தெரியாது. 1939 செப்டெம்பரில் எழுதும் கடிதத்தில் பிளிட்ஸ் வரக்கூடாது, போர் ஆறு ஆண்டுகள் நீடிக்கும் என்ற கவலையும் வரக்கூடாது. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாவதில்தான், வளர்ந்தவர்களும் தவறுவதுண்டு.

தேநீரில் தாளைத் தோய்த்துப் பழுப்பாக்கும் வழக்கம் இங்கே எல்லாப் பாடசாலைகளிலும் பரவிவிட்டது. எழுதப்பட்ட அன்று அந்தக் கடிதம் புத்தம் புதிய வெள்ளைத் தாளாகத்தானே இருந்திருக்கும் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன், சொல்வதில்லை. செய்வதானால் எழுதுவதற்கு முன்பே தோய்த்துக் காயவையுங்கள், எழுதியபின் தோய்த்தால் மை ஊறிவிடும்.

பங்கீடு

நாட்டில் ‘கூப்பன்’ என்று சொன்ன அதே ஏற்பாடுதான் இங்கே ‘ரேஷன்’. இலங்கையிலும் அரிசிக்குப் பங்கீடு வந்தது இந்தப் போர்க்காலத்தில்தான் என்பதால், கூப்பன் கடை வரிசையில் நின்ற தாத்தா வீட்டிலிருந்தால் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 57 கிராம் வெண்ணெய், 113 கிராம் பேக்கன், 227 கிராம் சீனி, 57 கிராம் தேயிலை, ஒரு முட்டை என்பது வழக்கமான அளவு, காலத்துக்குக் காலம் இது கூடிக் குறைந்தது. பாணும் உருளைக்கிழங்கும் போர் முடியும்வரை பங்கீட்டுக்கு வரவில்லை. பாணுக்குப் பங்கீடு வந்தது 1946இல், போர் முடிந்த பிறகு.

இதைச் சமைத்துக் காட்டுவதைவிட நிறுத்துக் காட்டுவது எளிது, மனதிலும் நிற்கும். ஞாயிறு காலையில் 227 கிராம் சீனியைப் பிள்ளையே தராசில் நிறுத்து ஒரு போத்தலில் போட்டு, அந்த வாரம் தனக்குரிய சீனி முழுவதையும் அதிலிருந்தே எடுக்கட்டும். எந்த நாளில் தீர்ந்தது என்பதை எழுதிவைத்தால் அதுவே அரைப்பக்க வீட்டுப்பாடம். தேயிலை 57 கிராம் என்பது சுமார் இருபது தேநீர்ப் பைகள், நம் வீடுகளில் அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. பங்கீட்டுப் புத்தகம் செய்வதானால் நிறத்தைக் கவனியுங்கள்: பெரியவர்களுக்கு மங்கலான பழுப்பு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பச்சை, ஐந்து முதல் பதினாறு வயதினருக்கு நீலம். உங்கள் பிள்ளை செய்ய வேண்டியது நீலம்.

வேடமணியும் நாள்

தவணையில் ஒரு நாள் முழு வகுப்பும் 1939ஆம் ஆண்டுப் பிள்ளைகளாக உடுத்து வரும். இணையத்தில் விற்கும் ஆயத்த உடைகளை வாங்க வேண்டாம். அரைக்காற்சட்டை, நீளக் காலுறை, கம்பளிச் சட்டை, அல்லது சாதாரண கவுணும் கார்டிகனும் போதும். கழுத்தில் நூல் கோத்த பெயரட்டை, தோளில் கயிறு கட்டிய சதுர மட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் வாயுமுகமூடி இருப்பதாகப் பாவனை.

பாவனையாகவே இருக்கட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் அந்தக் காலத்து உண்மையான முகமூடிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் வடிகட்டிகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளுக்கு அணிவிக்கவே கூடாது என்று பிரித்தானியாவின் சுகாதார பாதுகாப்பு நிர்வாகம் பாடசாலைகளை எச்சரித்திருக்கிறது. யாராவது அன்புடன் இரவல் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

சில வகுப்புகளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ‘வீட்டுக்காரர்கள்’ ஒவ்வொருவராகத் தெரிந்தெடுத்துப் போவதுபோல நடிப்பார்கள். அபாயச் சங்கொலியை ஒலிக்கவிட்டு மேசைகளுக்கடியில் பதுங்கச் சொல்வதும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சண்டை நடந்த நாட்டிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைக்கோ, பெற்றோரைப் பிரிந்து இருந்த பிள்ளைக்கோ அது விளையாட்டாக இராது. உங்கள் பிள்ளை அப்படியென்றால் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள். காரணம் முழுவதையும் விவரிக்க வேண்டியதில்லை. என்ன செயற்பாடு எந்த நாளில் என்று முன்னமே சொல்லுங்கள், அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேறு பொறுப்பு கொடுங்கள் என்று கேட்டால் போதும். சங்கை ஒலிக்கவிடும் வேலையையே பிள்ளையிடம் கொடுத்துவிடும் ஆசிரியர்களும் உண்டு, அது நல்ல உபாயம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

போர்க்காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருவரைப் பேட்டி காண் என்ற கட்டம் வரும்போது, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது ஆள் கிடைப்பதில்லை. 1945இல் ஐந்து வயதாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். நம் வீடுகளில் வேறொரு போரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவரலாமா என்று ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் சம்மதிப்பார்கள், ஏனென்றால் ஒற்றுமை வேற்றுமை காண்பது வரலாற்றுப் பாடத்தின் ஒரு நோக்கம்.

ஆனால் வரிசை முக்கியம். பிள்ளை கேட்பதற்கு முன் நீங்கள் தனியே கேளுங்கள்: இதைப் பற்றிப் பேச விருப்பமா, எதைப் பேச விருப்பமில்லை? அடுத்து, கேள்விகளை அன்றாடப் பொருட்களைச் சுற்றியே அமையுங்கள். “பங்கருக்குள்ளே என்னென்ன கொண்டுபோவீங்கள், அம்மம்மா?” “கரண்ட் இல்லாமல் ரேடியோ எப்படிக் கேட்டனீங்கள்?” “விளக்குக்கு என்ன செய்தனீங்கள்?” இவற்றுக்குச் சைக்கிள் டைனமோவும் ஜாம் போத்தல் விளக்கும் பனங்குற்றி அடுக்கிய கூரையும் பதிலாக வரும், பிள்ளை வியந்து கேட்கும். யார் இறந்தார்கள், யார் குண்டு போட்டார்கள் என்ற கேள்விகள் பத்து வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உரியவை அல்ல, அவற்றுக்கு வேறு நாள் வரும். பெரியவர் தமிழிலேயே பேசட்டும், பிள்ளை கைப்பேசியில் பதிவுசெய்து பின்னர் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஊரில் இன்னும் இருக்கும் உறவினரின் பெயர்களை எழுதாமல் ‘என் பெரியப்பா’ என்று எழுதினால் போதும். இது 1939ஆம் ஆண்டுப் போர் அல்ல என்பதை முதல் வரியிலேயே பிள்ளை தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் குழம்பி, ஹிட்லர் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையாகிவிடும்.

என் மகனின் மாதிரியைப் பார்த்துவிட்டு அவனது அம்மம்மா முதலில் கேட்டது, வாசலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையா, சிதறல் நேரே உள்ளே வராதா என்று. அவர்கள் வெட்டிய பங்கரில் வாசல் ஒரு திருப்பம் திரும்பித்தான் உள்ளே போகும். அவன் தேடிப் பார்த்தான்: ஆண்டர்சன் ஷெல்ட்டரின் வாசலுக்கும் இரும்புத் தகடும் மண்தடுப்பும் வைத்திருக்கிறார்கள். மாதிரியில் மண்தடுப்பைச் சேர்த்துவிட்டு, அதைத் தனக்குச் சொன்னது யார் என்று ஒரு வரி எழுதினான். அந்த வேலை முழுவதிலும் ஆசிரியை அடிக்கோடிட்டது அந்த வரியைத்தான்.

நம் பக்கத்து வரலாறு

பாடம் பிரித்தானியாவைச் சுற்றியே நடந்தாலும், ‘ஒரு மனிதரைப் பற்றி ஆராய்ந்து வா’ என்ற கட்டத்தில் தெரிவு பிள்ளையுடையது. இந்திய இராணுவத்தில் 25 இலட்சம் பேர் தாமாக முன்வந்து சேர்ந்திருந்தார்கள். பிரித்தானியாவின் இரகசிய முகவராகப் பாரிஸிலிருந்து வானொலிக் கருவியில் செய்தி அனுப்பி, 1944இல் நாஜிகளின் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்ட நூர் இனாயத் கானுக்கு லண்டன் கோர்டன் சதுக்கத்தில் சிலை உண்டு, நேரில் போய்ப் படமெடுக்கலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கியதோடு, ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. அதே ஆண்டில் பர்மாவிலிருந்து ஏராளமான தமிழர்கள் கால்நடையாக இந்தியா திரும்பினார்கள், சென்னையிலும் தாக்குதல் அச்சத்தால் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஒரு வரைபடத்தில் லண்டனையும் திருகோணமலையையும் குறித்து ஒரே ஏப்ரலில் இரண்டிடத்திலும் என்ன நடந்தது என்று பிள்ளை எழுதினால், உலகப் போர் என்ற பெயரின் முதற்பாதி வகுப்பில் எல்லோருக்கும் விளங்கும். ஜப்பானியர் சயாமில் (இன்றைய தாய்லாந்து) கட்டுவித்த மரண ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களின் கதையை மட்டும் இந்த வயதில் விவரமாகக் கொடுக்காதீர்கள்.

தகவல் தேடுவதும் பார்க்கப் போவதும்

தேடுபொறியில் முதலில் வருவதை அச்சிட்டு ஒட்டுவது இங்கே வீட்டுப்பாடமாகக் கருதப்படாது. பிபிசி பைட்சைஸ், தேசிய ஆவணக் காப்பகத்தின் கல்விப் பக்கங்கள், போர்க்கால அருங்காட்சியகமான இம்பீரியல் வார் மியூசியத்தின் தளம் ஆகியவை பிள்ளைகளுக்கு ஏற்றவை. ஒரு படத்தைப் பார்க்கும்போது அதை யார், எதற்காக எடுத்தார்கள் என்று பிள்ளையைக் கேளுங்கள். ரயிலேறும் பிள்ளைகள் சிரித்துக் கையசைக்கும் படங்களில் பல, பெற்றோரை இணங்கவைப்பதற்காக வெளியிடப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும், விளங்கியபின் அது மற்றப் படங்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கும்.

இம்பீரியல் வார் மியூசியத்தின் லண்டன் கட்டிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்குள்ள யூத இனவழிப்புக் கூடங்களை 14 வயதுக்குட்பட்டோருக்கு அவர்களே பரிந்துரைப்பதில்லை என்பதால் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையை அந்தத் தளத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அந்தப் பாடம் இடைநிலைப் பாடசாலையில் கட்டாயமாக வரும். பிள்ளை கேட்டால், போருக்கு முன் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், ரயிலிலும் கப்பலிலும் பிரித்தானியாவுக்கு அழைத்துவரப்பட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒப்படைக்கும் நாளில் மாதிரியின் அடியில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதி, ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல மாதிரிகள் வீடு திரும்புவதில்லை. மழையென்றால் பெரிய கடைப்பை ஒன்றுக்குள் வைத்துக் கட்டுங்கள். உலராத பசையுடன் கொண்டுபோனால் வாசலிலேயே கூரை இடிந்துவிடும், ஆகவே முதல் நாள் மாலைக்குள் ஒட்டி முடித்துவிடுங்கள்.